கமராவை நிப்பாட்டினது ஆர்?

வின்டோஸ் கணினி பாவிக்கிற வீடுகளில் எல்லாருக்கும் பழக்கமான ஒரு சத்தம் உண்டு. யூ.எஸ்.பி. பொருள் ஒன்றைச் செருகினால் இரண்டு சுரம் மேலே ஏறும். கழற்றினால் இரண்டு சுரம் கீழே இறங்கும். ஒருவரும் கை வைக்காத நேரத்தில் அந்த இறங்கு சுரம் கேட்டு, இரண்டு செக்கனில் ஏறு சுரம் கேட்டு, பிறகு திரும்பவும் இறங்கினால், உங்கள் கமரா கணினியோடு கோபித்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த மாதம் அந்தக் கோபத்தைப் பற்றித்தான். காரணம், பியோர்ண்டாலில் இருந்து வந்த ஒரு கடிதம். எழுதியவர் ஒரு அம்மா. பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். இங்கே பிறந்து வளர்ந்தவர்தான். பதினொரு வயது மகளுக்கு, யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஆசிரியையிடம் சூம் வழியாகப் பரதநாட்டியம் பழக்குகிறார். ஒஸ்லோவில் சனி காலை பத்து மணி. குளிர்காலத்தில் அங்கே அப்போது பின்னேரம் இரண்டரை, கோடையில் ஒன்றரை. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"வகுப்புத் தொடங்கிப் பத்து நிமிசத்தில கமரா நிண்டிடும். ரீச்சர் 'கமராவைப் போடுங்கோ பிள்ளை' எண்டுவா. இவள் 'நான் நிப்பாட்டேல்லை' எண்டுவாள். ஒவ்வொரு கிழமையும் இதே கதை. கஷ்டமான அடவு வரேக்கைதான் நிக்குது எண்டதுதான் எனக்குச் சந்தேகமாக் கிடக்கு. ரீச்சரும் இப்ப அப்பிடித்தான் நினைக்கிறா போல. பிள்ளை ஏமாத்திறாளோ? கமராவை மாத்திறதோ, பிள்ளையை வகுப்பால நிப்பாட்டிறதோ எண்டு தெரியேல்லை."

கமரா பழுதென்றால் புதிதாக ஒன்று வாங்கலாம். ஆனால் 'நான் செய்யேல்லை' என்று பிள்ளை சொல்லும்போது நம்புவதா விடுவதா என்பது கடையில் வாங்குகிற விஷயம் இல்லை. நானும் பியோர்ண்டாலில்தான் இருக்கிறேன். மொர்த்தென்ஸ்ரூட் நிலையத்தில் இறங்கிப் பஸ் பிடித்து வருகிற அதே ஊர். ஆகவே பதில் எழுதாமல், அடுத்த சனிக்கிழமை நேரே போய்ப் பார்த்தேன்.

போகும் முன்பே தொலைபேசியில் மகளிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: "கமரா நிக்கேக்கை கணினியில ஏதும் சத்தம் கேக்குமோ?"

"ஓம், டிங் டொங் எண்டு கேக்கும்."

அம்மா அந்த நேரம் குசினியில் நிற்பவர். அவருக்கு இது தெரியாது. எனக்கு அதிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. சூமில் வீடியோ பட்டனை அழுத்தி ஒரு பிள்ளை தன் படத்தை மறைத்தால் அந்தச் சுரம் கேட்காது. கமரா கணினியோடு தொடர்பில்தான் இருக்கும். சூம் அதிலிருந்து படம் எடுப்பதை நிறுத்தும், அவ்வளவுதான். சுரம் கேட்கிறது என்றால், கமரா என்ற பொருளே கணினியின் கண்ணுக்கு முன் இல்லாமல் போகிறது. அதைச் செய்ய வேண்டுமானால் பிள்ளை வயரைப் பிடுங்க வேண்டும். ஆடிக்கொண்டிருக்கிற பிள்ளை எப்படி வயரைப் பிடுங்கும்?

இந்த ஒரு வித்தியாசத்தை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 'கமரா நின்றுவிட்டது' என்று நாங்கள் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது நாலு வேறு வேறு வருத்தங்கள்.

படம் உறைந்து, குரலும் வெட்டி வெட்டி வந்தால் அது இணையம். கமராவின் சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருக்க, படம் மட்டும் கறுப்பாக இருந்தால், பெரும்பாலும் வேறொரு செயலி கமராவைப் பிடித்துவைத்திருக்கிறது, அல்லது சூமுக்குக் கமரா பார்க்க அனுமதி இல்லை. சரியாக 40 நிமிடத்தில் எல்லாமே நின்றால் அது சூமின் இலவசக் கணக்கின் எல்லை. அதற்குக் கமராவைத் திட்டிப் பிரயோசனமில்லை. விளக்கும் அணைந்து, சுரமும் இறங்கினால்தான் எங்கள் விஷயம்: யூ.எஸ்.பி. தொடர்பு அறுகிறது.

சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். வை-ஃபையை நிறுத்துங்கள். சூமை மூடுங்கள். வின்டோஸில் இருக்கிற 'கமரா' என்ற சாதாரண செயலியைத் திறந்து, படம் ஓடவிட்டு, கால் மணித்தியாலம் பாருங்கள். இணையமும் இல்லை, சூமும் இல்லை. அப்படியும் அறுந்தால் குற்றம் இந்த அறைக்குள்ளேதான் இருக்கிறது.

படம் எதற்கு, குரல் வந்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். எங்கள் அப்பா அம்மா தொலைபேசி அட்டை சுரண்டி, நிமிடம் எண்ணி ஊருக்குக் கதைத்த காலத்தில் குரல் போதுமாக இருந்தது. வேறு வழியும் இருக்கவில்லை. இப்போது காது மந்தமான அம்மம்மா பேரப்பிள்ளையின் வாயைப் பார்த்துத்தான் பாதிக் கதையைப் பிடிக்கிறார். வயலின் ஆசிரியருக்கு வில் பிடிக்கிற கை தெரியவேண்டும். நடன ஆசிரியைக்கு அரைமண்டி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று உச்சியில் இருந்து பாதம் வரை தெரியவேண்டும். லப்டொப்போடு வருகிற கமரா முகத்தைக் காட்டத்தான் நல்லது. அதனால்தான் தனிக் கமரா வாங்கி, அறையின் மற்றப் பக்கத்தில் நிறுத்துகிறோம். தூரத்தில் நிறுத்த நீளமான வயர் வேண்டும். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

அந்த வீட்டில் கண்டது இது. லப்டொப் சாப்பாட்டு மேசையில். கமரா மறுபக்கம், சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலித் தாங்கியில். கமராவோடு வந்த வயர் ஒன்றரை மீற்றர். அதோடு மூன்று மீற்றர் நீட்டிப்பு வயர் ஒன்று. அந்த நீட்டிப்பு வந்து சேர்வது நாலு துளை உள்ள ஒரு சின்ன ஹப்பில். அதே ஹப்பில் மவுஸ், கீபோர்ட், குடும்பப் படங்கள் சேமித்த வெளி ஹார்ட் டிஸ்க். ஹப்புக்குத் தனி மின்சாரம் கிடையாது. இரண்டு வயரும் சேருகிற இடம் நிலத்தில், தாங்கியின் காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. நிலம் மரம். அதற்கு மேலே லமினேற்.

முதலில் வை-ஃபையை நிறுத்திக் கமராவை மட்டும் ஓடவிட்டோம். பிள்ளை சோபாவில் இருந்தது. பதினைந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பிள்ளையை எழுப்பித் தட்டடவு ஆடச் சொன்னேன். முதலாம் காலம், ஒன்றுமில்லை. இரண்டாம் காலம், படம் ஒருக்கால் துடித்தது. மூன்றாம் காலத்தில் பாதம் நிலத்தில் வேகமாக விழத் தொடங்கியதும் இரண்டு சுரமும் இறங்கின.

கஷ்டமான அடவு வரும்போதுதான் நிற்கிறது என்று அந்த அம்மா எழுதியது நூற்றுக்கு நூறு உண்மை. நன்றாகத் தட்டினால்தான் நிலம் அதிரும். நிலம் அதிர்ந்தால்தான் தளர்ந்த இணைப்பு ஆடும். பிள்ளை ஒழுங்காக ஆடியபடியால்தான் கமரா நின்றது.

நிலத்தில் கிடந்த இணைப்பைத் தூக்கி, வயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, ஒட்டுப்பட்டியால் தாங்கியின் காலோடு கட்டினோம். வேறொன்றும் மாற்றவில்லை. திரும்ப மூன்றாம் காலம். பத்து நிமிடத்தில் ஒரே ஒருமுறை மட்டும் அறுந்தது. அதற்குப் பிறகு ஹப்பைக் கழற்றி, கமராவை லப்டொப்பின் துளையிலேயே நேராகச் செருகினோம். அரை மணித்தியாலம் ஆடியும் அறவில்லை.

"நான் சொன்னனான்தானே," என்றாள் மகள். அம்மா தேத்தண்ணி போடப் போய்விட்டார். அன்று மாலை ஆசிரியைக்கு அவர் ஒரு நீளமான குரல் செய்தி அனுப்பினாராம்; அதில் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றியதைக் கவனித்திருப்பீர்கள். கமரா அறுந்தால் எங்கள் வீடுகளில் நடப்பது வேறு. அப்பா வந்து வயரை மாற்றி, துளையை மாற்றி, சூமை அழித்துத் திரும்பப் போட்டு, கணினியையும் நிறுத்தித் தொடக்கிவிடுவார். வேலை செய்தால் எது சரியாக்கியது என்று தெரியாது. அடுத்த கிழமை திரும்ப அறுந்தால் திரும்பவும் ஐந்தையும் செய்யவேண்டும். ஒரு துண்டுக் கடதாசியில் எப்போது அறுந்தது, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று இரண்டு கிழமை குறித்தாலே போதும்; காரணம் அதிலேயே தெரியவரும். அதைப் பிள்ளையிடமே கொடுங்கள். அந்தக் கணினிக்கு முன்னால் நிற்பவர் அவர்தான், அப்பா இல்லை.

இனி ஹப்பும் நீட்டிப்பு வயரும் ஏன் இவ்வளவு கரைச்சல் தருகின்றன என்று பார்ப்போம்.

கமராவுக்குத் தனிச் சார்ஜர் இல்லை. அதே வயரால்தான் படமும் வருகிறது, அதே வயரால்தான் மின்சாரமும் போகிறது. 2000ஆம் ஆண்டு வந்த யூ.எஸ்.பி. 2.0 விதியின்படி கணினியின் ஒரு துளை 5 வோல்ட்டில் 500 மில்லி அம்பியர் வரை கொடுக்கும். 2008இல் வந்த யூ.எஸ்.பி. 3.0 துளை 900 மில்லி அம்பியர். தனி மின்சாரம் இல்லாத ஹப் ஒன்றை 500 தருகிற துளையில் செருகினால், அந்த 500ஐத்தான் அது தன் நாலு துளைக்கும் பிரிக்கவேண்டும். விதிப்படி ஒரு துளைக்கு 100தான் உறுதி. ஒரு பானைச் சோற்றை நாலு பேருக்குப் பங்கிடுகிற கதை. மவுஸ் கொஞ்சமாகச் சாப்பிடும். வெளி ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்குகிற அந்தக் கணம் ஒரே வாயில் நிறைய இழுக்கும். அந்த நேரம் கமராவுக்குப் போகிற வோல்ட் விழுந்தால், கமராவுக்குள் இருக்கிற சின்ன மூளை மயங்கித் திரும்ப எழும்புகிறது. நீங்கள் கேட்பது இறங்கு சுரம், பிறகு ஏறு சுரம்.

வயர் நீள நீள இது மோசமாகும். மெல்லிய, மலிவான வயரில் வழியிலேயே கொஞ்சம் வோல்ட் போய்விடும்; படத்தைச் சுமக்கிற சமிக்ஞையும் தேயும். யூ.எஸ்.பி. 2.0க்கு 5 மீற்றர்தான் எல்லை. பலருக்குத் தெரியாத ஒன்று: சாதாரண நீட்டிப்பு வயருக்கு யூ.எஸ்.பி. 2.0 விதியில் இடமே இல்லை. கடையில் விற்கிறார்கள், நாங்களும் வாங்குகிறோம், அனேகமாக வேலையும் செய்யும். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் தளரக்கூடிய இன்னொரு இடம். நீளம் கட்டாயம் வேண்டுமென்றால் சமிக்ஞையைப் புதுப்பித்து அனுப்பும் மின்சுற்று உள்ளே வைத்த நீட்டிப்பு வயர் இருக்கிறது. 'ஆக்டிவ்' என்று பெட்டியில் எழுதியிருக்கும். விலை கூடத்தான், என்றாலும் புதுக் கமராவை விடக் குறைவு. ஹப் தேவையென்றால் சுவரில் செருகுகிற தனி அடாப்டரோடு வருவதை வாங்குங்கள்.

மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத் துளையில் செருகிப் பாருங்கள். முன்பக்கத் துளை பெட்டிக்குள்ளே இன்னொரு வயரால்தான் தாய்ப்பலகைக்குப் போகிறது. பின்பக்கத் துளை தாய்ப்பலகையிலேயே இருக்கிறது.

அடுத்தது, இரண்டு கமரா வைத்திருக்கிற வீடுகள். வீணை, மிருதங்கம் பழகுகிற பிள்ளைகளுக்கு முகத்துக்கு ஒன்று, கைக்கு ஒன்று என்று வைப்பார்கள். இங்கே மின்சாரம் மட்டுமல்ல, பாதையின் அகலமும் பிரச்சினை. யூ.எஸ்.பி. 2.0இன் பாதை செக்கனுக்கு 480 மெகாபிட் என்று சொல்வார்கள். சுருக்காத 640க்கு 480 அளவுப் படம் செக்கனுக்கு 30 வீதம் போனால் அதுவே ஏறத்தாழ 147 மெகாபிட். 1920க்கு 1080 என்றால் 1000ஐத் தொடும்; அது பாதையில் கொள்ளாது. அதனால்தான் கமரா ஒவ்வொரு படத்தையும் சுருக்கி அனுப்புகிறது. கமரா தனக்கு இவ்வளவு அகலம் வேண்டும் என்று முன்கூட்டியே இடம் பிடிக்கும், பஸ்ஸில் துவாய் போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. இரண்டு கமராவும் ஒரே ஹப்பில் இருந்தால் இரண்டாவதற்கு இடம் கிடைக்காமல் போகலாம். அப்போது ஒன்று ஓடத் தொடங்க மற்றது நிற்கும். ஒன்றை லப்டொப்பின் இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் செருகிப் பாருங்கள், அல்லது படத்தின் அளவை 720க்குக் குறையுங்கள். யாழ்ப்பாணத்தில் தொலைபேசித் திரையில் பார்க்கிற ஆசிரியைக்கு அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை.

மின்சாரச் சேமிப்பு என்று ஒன்று இருக்கிறது. யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். பாவிக்காத யூ.எஸ்.பி. பொருளை வின்டோஸ் தூங்கவைக்கும். சில கமராக்கள் அந்தத் தூக்கத்தில் இருந்து எழும்பாது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற கமராவை அது பொதுவாக நிறுத்தாது. ஆகவே வகுப்பின் நடுவில் அறுகிறது என்றால் நான் இங்கே தொடங்கமாட்டேன். நேற்று வேலை செய்த கமரா இன்று காலை லப்டொப்பைத் திறந்தால் காணவில்லை, கழற்றிச் செருகினால் வருகிறது என்றால், அதற்கு இது பொருந்தும். நோர்வே மொழி வின்டோஸில் ஸ்டார்ட் பட்டனை வலப்பக்கம் அழுத்தி 'என்ஹெட்ஸ்பெஹாண்ட்லிங்' திறந்து, கீழே யூ.எஸ்.பி. பட்டியலில் 'ரூட் ஹப்' என்பதை இரண்டுமுறை அழுத்தினால், மின்சாரத்துக்கென்று ஒரு தாள் இருக்கும். மின்சாரம் சேமிக்க இந்தப் பொருளை நிறுத்தலாம் என்ற பெட்டியில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். சில புதிய லப்டொப்களில் அந்தத் தாளே இராது. எப்படியானாலும் வகுப்பு நேரத்தில் லப்டொப்பைச் சார்ஜரில் வைத்திருங்கள்.

டிரைவர் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2003இல் யூ.எஸ்.பி. கமராக்களுக்கு ஒரு பொது மொழி வகுத்தார்கள். இன்று கடையில் வாங்குகிற கமரா ஏறத்தாழ எல்லாமே அதைப் பேசும், வின்டோஸுக்கும் மக்கும் அது தெரியும். 'உங்கள் டிரைவர் பழசு, உடனே இறக்குங்கள்' என்று கத்துகிற தளங்களை மட்டும் தொடவேண்டாம். கமரா அறுவதற்குத் தீர்வு தேடப்போய்க் கணினிக்கு வேறு வருத்தம் வந்த வீடுகள் உண்டு.

அதற்காக மென்பொருள் எப்போதும் குற்றமற்றது என்றும் இல்லை. 2016 ஆகஸ்டில் வின்டோஸ் 10க்கு ஒரு பெரிய புதுப்பிப்பு வந்தது. கமரா தரும் படத்தைப் பல செயலிகள் பகிரட்டும் என்று நடுவில் ஒரு புது ஏற்பாட்டை மைக்ரோசொஃப்ட் வைத்தது. அந்த ஏற்பாடு, நான் மேலே சொன்ன சுருக்கிய படங்களைச் செயலிகளுக்குக் கொடுக்கவில்லை. உலகம் முழுக்க ஏராளமான நல்ல கமராக்கள் ஒரே நாளில் உறைந்து நின்றன. கமரா பழுதென்று புதிதாக வாங்கியவர்களும் இருப்பார்கள். பிறகு மைக்ரோசொஃப்ட் திருத்தியது. ஆகவே நேற்றுவரை ஒழுங்காக இருந்து, இரவு வின்டோஸ் தன்னைப் புதுப்பித்து, விடியத் தொல்லை தொடங்கினால், சந்தேகத்தை அந்தப் பக்கமும் கொஞ்சம் திருப்புங்கள்.

நோர்வேயில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. பனிக்காலத்தில் வீட்டுக்குள் காற்று எவ்வளவு காய்ந்து போகிறதென்று தெரியும்தானே. கம்பளிச் சட்டையைக் கழற்றினால் தலைமயிர் எழும்பி நிற்கும், கதவுப்பிடியைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும். அதே பொறி கமராவின் உலோகத்திலோ யூ.எஸ்.பி. துளையின் விளிம்பிலோ பாய்ந்தால் தொடர்பு அறுந்து திரும்ப வரலாம். பிள்ளை கம்பளிக் காலுறையோடு விரிப்பில் நடந்து வந்து கமராவைத் திருப்புகிற அந்தக் கணம் பாருங்கள். கமராவைத் தொடமுன் வேறொரு உலோகத்தைத் தொடச் சொல்லுங்கள், ரேடியேற்றர் இருந்தால் அதை. ஊரில் இருக்கிறவர்களுக்கு இந்தக் காரணத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே வேர்வைக்கு எங்கே பொறி பறக்கிறது!

இவ்வளவும் பார்த்தும் அறுகிறதென்றால், கமராவை வேறொரு கணினியில், அதன் சொந்த வயரோடு மட்டும், நேராகச் செருகிப் பாருங்கள். அங்கேயும் அறுந்தால் பழுது கமராவில்தான். பெரும்பாலும் வயர் கமராவுக்குள் நுழைகிற இடத்தில் உள்ளே முறிந்திருக்கும். அந்த இடத்தை மெதுவாக வளைத்தால் படம் போய்ப் போய் வரும். அங்கே அறாமல் உங்கள் கணினியில் மட்டும் அறுந்தால், கமராவை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. கணினியின் துளை தளர்ந்திருக்கலாம். ஒரு யூ.எஸ்.பி. குச்சியைச் செருகி மெதுவாக ஆட்டினால் தெரிந்துவிடும்.

பழுது கமராவில்தான் என்று உறுதியானால் உடனே புதிது வாங்கவேண்டாம். நோர்வேயின் நுகர்வோர் கொள்வனவுச் சட்டப்படி, வாங்கியபோதே இருந்த குறைக்காக முறையிட இரண்டு வருடம் இருக்கிறது. கணினி, தொலைபேசி போல நீண்டகாலம் உழைக்கவேண்டிய பொருளுக்கு ஐந்து வருடம். கடைக்காரர் 'ஒரு வருட கரன்ரி முடிஞ்சுது' என்று சொன்னாலும் அந்த உரிமை அதோடு முடிவதில்லை. வேறொரு கணினியிலும் அறுகிறதை ஒரு சின்ன வீடியோவாக எடுத்துக்கொண்டு போங்கள். வாய்ப்பேச்சை விட அது உதவும். வாங்கிய பற்றுச்சீட்டை அன்றே தொலைபேசியில் படம் எடுத்துவைப்பது நல்லது, அந்தக் கடதாசியில் எழுத்து மங்கிவிடும். உண்மையிலேயே செத்துப்போன கமராவைக் குப்பையில் போடவேண்டாம். அப்படிப்பட்ட பொருள் விற்கிற கடை அதைக் காசில்லாமல் திருப்பி எடுக்கவேண்டும்.

அதற்கிடையில் சனிக்கிழமை வகுப்பைத் தவறவிடவும் தேவையில்லை. ஐபோனும் மக் கணினியும் இருக்கிற வீட்டில், 2022இல் வந்த மக் ஓ.எஸ். வென்சுராவில் இருந்து தொலைபேசியையே கமராவாகப் பாவிக்கலாம், வயர்கூட வேண்டாம். மற்றவர்கள் தொலைபேசியில் இருந்து இரண்டாவது ஆளாகச் சூமுக்குள் வந்து, அதன் ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு, படத்துக்கு மட்டும் வைக்கலாம். ஒலியை நிறுத்தாவிட்டால் இரண்டு கருவியும் ஒன்றையொன்று கேட்டுக் கூக்குரல் போடும்.

ஒலி என்றதும் ஞாபகம் வருகிறது. மிருதங்கம் அடிக்கிற பிள்ளையின் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்துச் சூம் விழுங்கிவிடுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த மாதம் அது. எழுதும்போது என்ன கணினி, என்ன ஒலிவாங்கி, 'தொம்' கேட்கவில்லையா 'நம்' கேட்கவில்லையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.